காடு என்னும் புறம்

அண்மைக்காலச் சூழலியல் எழுத்துகளில் 'காடு' என்ற சொல் மந்திரம்போலப் புழங்குகிறது. எழுதுகிறவருக்கும் வாசிக்கிறவருக்கும் அது எதைக் குறிக்கிறது என்பது ஏற்கெனவே தெரிந்துவிட்ட மாதிரி ஒரு பாவனை. மரம், நிழல், யானை, அருவி. வத்தலக்குண்டிலிருந்து மலையேறும் பஸ்ஸின் ஜன்னலுக்கு வெளியே தெரிகிற பச்சை. அந்தப் பச்சைக்குள் எல்லைக்கல், பதிவேடு, அபராதம், ரசீது என்று ஒரு முழு நிர்வாகம் உட்கார்ந்திருக்கிறது. கவிஞர்கள் இதைப் பார்ப்பதில்லை. விறகுச் சுமையோடு இறங்கிவரும் பெண்ணுக்கு இது தவிர வேறெதுவும் கண்ணில் படுவதில்லை.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். சொற்பிறப்பியல் மேல் எனக்குப் பெரிய விசுவாசம் கிடையாது. வேர்ச்சொல்லைத் தோண்டி எடுத்துவிட்டால் உண்மையே கையில் வந்துவிட்டதாகக் கூத்தாடுவது நம்மூரிலும் உண்டு, ஹைடெக்கரின் சீடர்களிடமும் உண்டு. ஆனால் ஒரு சொல்லை யார், எப்போது, எதன்மேல் ஒட்டினார்கள் என்று கேட்பது வேறு காரியம். அது அதிகாரத்தின் வரலாறு.

ஆங்கிலத்து 'ஃபாரஸ்ட்' என்ற சொல்லுக்கு மரத்தோடு பிறப்புறவு கிடையாது. 7ஆம் நூற்றாண்டு மெரோவிங்கிய அரச ஆவணங்களில் 'ஃபாரஸ்டிஸ்' என்று அது தலைகாட்டுகிறது. 'வெளியே' என்று பொருள்படும் 'ஃபோரிஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்பது பெரும்பான்மையோர் கருத்து. நீதிமன்றத்தைக் குறிக்கும் 'ஃபோரம்' என்பதிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. எப்படி வைத்துக்கொண்டாலும் பொருள் ஒன்றுதான்: பொதுப் புழக்கத்துக்கு வெளியே, அரசனுக்கென ஒதுக்கி வைத்த நிலம். வெளிநாட்டானைக் குறிக்கும் 'ஃபாரின்', இத்தாலியில் அந்நியனைக் குறிக்கும் 'ஃபொரஸ்தியேரோ' ஆகியவையும் அதே 'வெளியே' என்பதன் பிள்ளைகள். 1066இல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மன் வில்லியம் இந்தச் சொல்லை வேட்டைச் சட்டமாகக் கொண்டுபோனான். சட்டம் பாய்ந்த இடமெல்லாம் ஃபாரஸ்ட். அங்கே வயல் இருக்கலாம், ஊர் இருக்கலாம், பொட்டல் இருக்கலாம். ஸ்காட்லாந்தில் 'மான் ஃபாரஸ்ட்' என்ற பெயரில் இன்றும் மொட்டைக் குன்றுகள் கிடக்கின்றன. 1217இல் வந்த வனச் சாசனம், மக்கள் தங்கள் பன்றிகளை மேய்க்கவும் விறகு பொறுக்கவும் பெற்ற உரிமைகளை எழுதிவைத்தது. மேக்னா கார்ட்டாவைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த நமக்கு அதன் இந்த ஏழைத் தங்கையை யாரும் அறிமுகப்படுத்தவில்லை.

வடக்கே போனால் இன்னொரு வழி தெரிகிறது. பழைய நோர்ஸ் மொழியின் 'மோர்க்' காட்டையும் குறிக்கும், எல்லையையும் குறிக்கும். டென்மார்க்கின் கடைசி அசை அதே இனம். லாத்வியமொழியில் காடு 'மெஷ்ஸ்'. அது ருஷ்ய மொழியில் வயல் வரப்பைச் சுட்டும் 'மெஷா'வின் உடன்பிறப்பு. நடு என்னும் பொருளுள்ள மூலத்திலிருந்து இரண்டும் வந்தவை. இரண்டு ஊருக்கு நடுவே கிடப்பது காடு. ஸ்பானிய மொழியில் 'மோந்தே' என்றால் மலையும் ஆகும், புதர்க்காடும் ஆகும். பழனிமலைக்காரருக்கு இதில் வியப்பு ஒன்றுமிருக்காது.

ஜெர்மனில்தான் விஷயம் பட்டவர்த்தனமாகிறது. அங்கே 'வால்ட்' என்று ஒரு சொல், 'ஃபோர்ஸ்ட்' என்று ஒரு சொல். முன்னது தேவதைக் கதைகளில் குழந்தைகள் தொலைந்துபோகும் இடம். பின்னது உடைமையாளனும் கணக்கும் அதிகாரியும் உள்ள இடம். 1842இல் இளம் மார்க்ஸ் 'ரைனிஷ் த்சைட்டுங்' பத்திரிகையில் எழுதிய கட்டுரைகள் இந்த இடைவெளியில் நின்றே எழுதப்பட்டவை. உதிர்ந்த சுள்ளியைப் பொறுக்குவதைத் 'திருட்டு' என்று பெயர் மாற்றும் சட்டத்தை ரைன் மாகாண சபை அதற்கு முன்பே விவாதித்திருந்தது. ஒரு வழக்கத்துக்குப் புதுப்பெயர் சூட்டுவதன் மூலமே ஒரு வர்க்கத்தைக் குற்றவாளியாக்க முடியும் என்பதை மார்க்ஸ் முதலில் கற்றது தொழிற்சாலையில் அல்ல, விறகில். அதற்கு இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1864இல், டீட்ரிஹ் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைமை ஆய்வாளரானார். நமக்கு வந்து சேர்ந்தது வால்ட் அல்ல, ஃபோர்ஸ்ட். 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் பெயர் மட்டும் மாறி இன்றும் நம் தலைக்குமேல் இருக்கிறது.

இனி நம்ம சொல்லுக்கு வருவோம். திண்டுக்கல் பக்கத்திலும் கொங்கிலும் 'அவரு காட்டுக்குப் போயிருக்காரு' என்றால் அவர் கடலைக்குக் களை வெட்டப் போயிருக்கிறார் என்று பொருள். சோளக்காடு, பருத்திக்காடு, மானாவாரிக் காடு. வெளிக்குப் போவதும் காட்டுக்குப் போவதுதான். செத்தால் சுடுகாடு, இடுகாடு; மழை கொட்டினால் வெள்ளக்காடு. 'காடு வா வா என்கிறது, வீடு போ போ என்கிறது' என்று கிழவிகள் சொல்வது எந்தச் சரணாலயத்தையும் நினைத்து அல்ல. கீழ்ப்பழனி மலையில் ஓர் ஊருக்குப் பெயரே பண்ணைக்காடு! வனத்துறைக் கலைச்சொல் அகராதி இந்தப் பெயரைச் செரிக்கவே முடியாது. பண்ணை என்றால் அது காடு ஆகாது. காடு என்றால் அங்கே பண்ணை கூடாது. ஆனால் காப்பியும் மலைவாழையும் நிழல் மரமும் ஒன்றாக நிற்கிற அந்தச் சரிவைக் கண்ணால் பார்த்தவன் வேறென்ன பெயர் வைப்பான்?

இதைச் சொன்னதும் தமிழ்த்தேசிய நண்பர்கள் துள்ளி எழுவார்கள். மேற்கத்தியக் காடு அதிகாரம், நம்முடைய காடு திணை, வாழ்வு, இணக்கம் என்று ஓர் அழகான எதிர்நிலை கிடைத்துவிடுகிறது. இதில் எனக்கு உடன்பாடு இல்லை. காட்டான், காட்டுமிராண்டி என்பவை எந்த லத்தீனிலிருந்து வந்தன? 'சில்வா' என்ற லத்தீன் காட்டிலிருந்துதான் 'சாவேஜ்' பிறந்தது. அங்கே நடந்தது இங்கேயும் நடந்திருக்கிறது. 'புறம்போக்கு' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வரிக்கணக்குக்குப் புறத்தே போன நிலம். ஏறக்குறைய ஃபாரஸ்டின் நேர் மொழிபெயர்ப்பு. அந்தச் சொல்லை இன்று யாரை நோக்கி வசவாக எறிகிறோம்? சமஸ்கிருதத்து 'அரண்ய'மும் தொலைவான, அந்நியமான என்னும் பொருளுள்ள 'அரண' என்பதிலிருந்து வந்ததே. பிரான்சிஸ் சிம்மர்மன் 1982இல் வெளியிட்ட நூலில் இன்னொன்றைக் காட்டினார்: ஆயுர்வேத நூல்களின் 'ஜாங்கலம்' வறண்ட, திறந்த, முள்மரம் நிற்கும் நிலம். ஆங்கிலேயர் வாயில் புகுந்து 'ஜங்கிள்' ஆனபோது அது ஈரமும் இருட்டும் பாம்பும் நிறைந்த இடமாகத் தலைகீழாகிவிட்டது. ஊருக்குள் உட்கார்ந்து பெயர் வைக்கிறவன் எல்லா மொழியிலும் காட்டை வெளியே தள்ளியிருக்கிறான். பளியர்களைப் பற்றி ஷெண்பகனூர் ஏசுசபைப் பாதிரியார் டாமென் 1908இல் எழுதினார். 1960களில் பீட்டர் கார்ட்னர் வந்து ஆராய்ந்தார். எழுதப்பட்டவர்களின் மொழியில் 'வெளியே' என்பது எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை அவர்களில் ஒருவர் எழுதி நான் இன்னும் வாசிக்கவில்லை.

சொற்கள் நிலத்தை மாற்றிப்போடும் என்பதற்கு மேல்பழனியைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. மடிப்புகளில் சோலை, முதுகெல்லாம் புல்: அந்த மலையின் இயல்பு அது. 'சோலை'யை ஆங்கிலேயர் 'ஷோலா' என்று எடுத்துக்கொண்டு வனவியல் வகைப்பாட்டில் சேர்த்தார்கள். நமக்குப் பூஞ்சோலை, மாஞ்சோலை என்று இருந்த சொல் கலைச்சொல்லாகித் திரும்பி வந்தது. புல்லுக்கு அந்த மரியாதை இல்லை. அது மரம் இல்லாத இடம், ஆகவே காலி இடம். 'அஃபாரஸ்ட்' என்ற வினைக்கு முதலில் இருந்த பொருள் நிலத்தை அரசனின் சட்டத்துக்குள் இழுப்பது. மரம் நடுவது என்ற பொருள் பிற்பாடு வந்தது. கொடைக்கானலில் இரண்டும் சேர்ந்தே நடந்தன. தோல் பதனிடும் சாறுக்காக வாட்டில், கூழுக்காகவும் விறகுக்காகவும் யூகலிப்டஸ், பைன் என்று புல்வெளிமேல் நட்டார்கள். அதற்குத் தமிழில் 'காடு வளர்ப்பு' என்று பெயர். நாற்பது ஆண்டுகளில் பழனிமலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று 2018இல் வந்த செயற்கைக்கோள் பட ஆய்வு சொல்கிறது. காடு வளர்ந்தது, மலை அழிந்தது. இன்று பைன் மரங்களுக்கிடையே நின்று சினிமாக்காரர்கள் எடுக்கும் 'காட்டு'க் காட்சியைப் பார்த்து நாம் உருகுகிறோம்.

சொல்லாராய்ச்சி வீண்வேலை என்று நினைக்கும் களப்பணியாளர்கள் ஒரு வழக்கை நினைவில் கொள்ள வேண்டும். 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டம் காடு என்றால் என்ன என்று வரையறுக்கவில்லை. கூடலூர் நிலத்தைப் பற்றி கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம், காடு என்பதை அகராதிப் பொருளில் கொள்ள வேண்டும், அரசுப் பதிவேட்டில் காடு என்று எழுதியிருக்கும் நிலமும் யாருடைய உடைமையாக இருந்தாலும் காடே என்றது. ஓர் அகராதி சட்டமானது! இதனால் பல மலைகள் சுரங்கக்காரர்களிடமிருந்து தப்பின. அதே சொல்லால் பல குடிகள் தங்கள் நிலத்திலேயே ஆக்கிரமிப்பாளர்கள் ஆனார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லாத சூழலியலை நான் நம்புவதில்லை. 2023 திருத்தம் அந்த அகராதியை மூடப் பார்த்தது. 2024 பிப்ரவரி 19 அன்று நீதிமன்றம் இடைக்கால உத்தரவில் அதை மறுபடி திறந்து வைத்தது. யாருடைய அகராதி என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

2013இல் சுமார் 600 சதுர கிலோமீட்டர் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் ஆனது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சரணாலயத்துக்குள்ளும் செல்லும். தமிழ்நாட்டில் பட்டா வழங்குவதற்கு 2008இல் சென்னை உயர் நீதிமன்றம் போட்ட முட்டுக்கட்டை 2016இல்தான் உச்ச நீதிமன்றத்தால் நீங்கியது. மலைக் கிராமங்களில் மனு எழுதிக் கொடுக்கும் தோழர்கள் 'வன நிலம் இத்தனை ஏக்கர்' என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். தேனெடுக்கும் பாறைக்குப் பெயர் இருக்கிறது, கிழங்கு தோண்டும் சரிவுக்குப் பெயர் இருக்கிறது, அதையெல்லாம் எழுதுங்கள். அந்தச் சட்டத்தின் விதிகள் சான்றாக ஏற்கும் பொருள்களின் பட்டியலில் கிணறும் கோயிலும் மட்டுமல்லாமல் புதைத்த இடமும் இருக்கிறது. பதிவேட்டுக்காரர் 'வனம்' என்று எழுதிவைத்த நிலத்தின் மேலேயே, அதே இனத்துச் சொல்லால் 'இடுகாடு' என்று எழுதி ஒப்படைக்கலாம்.