பள்ளிவாசலுக்கு அத்தர், வீட்டுக்கு வேர்வை

போன மாதம் திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் ஒரு மண்டபத்தில் சொந்தக்காரப் பையனுக்கு நிக்காஹ். வந்தவர்களுக்குக் கொடுத்த பையில் பேரீச்சம்பழத்தோடு ஒரு சின்னப் புத்தகமும் இருந்தது. முஸ்லிம் தம்பதிகளுக்கான இல்லற வழிகாட்டி. பெயர் வேண்டாம், இதே மாதிரி நிறைய சுற்றுகிறது. அன்று ராத்திரியே படித்து முடித்தேன். சுத்தம், அலங்காரம் பற்றி ஏழு பக்கம். அதில் ஆறரைப் பக்கம் மனைவிக்கு. கணவனுக்கு ஒரு பத்தி: வெள்ளிக்கிழமை குளித்து, அத்தர் பூசி, ஜும்ஆவுக்குப் போக வேண்டும்.

அதாவது அவன் மணக்க வேண்டியது பக்கத்து சஃப்பில் நிற்பவருக்கு!

நான் ஆலிம் இல்லை. பி.இ. படித்துவிட்டு சாஃப்ட்வேர் எழுதுகிறவன். ஆனால் ஒரு பிழை வந்தால் மூலக் கோப்பைத் திறந்து பார்க்கிற பழக்கம் உண்டு. இங்கேயும் அதைத்தான் செய்தேன்.

அல்பகரா அத்தியாயத்தின் 228ஆம் வசனம் தலாக் சொல்லப்பட்ட பெண்களின் காத்திருப்புக் காலத்தைப் பற்றியது. அதன் பின்பகுதியில், பெண்களுக்குக் கடமைகள் இருப்பது போலவே முறைப்படி உரிமைகளும் உண்டு என்று வருகிறது. நபித்தோழர் இப்னு அப்பாஸ் இதைப் படித்துவிட்டு எடுத்த முடிவு என்ன தெரியுமா? மனைவி தனக்காக அலங்கரித்துக்கொள்வதைத் தான் விரும்புவது போல, தானும் அவளுக்காக அலங்கரித்துக்கொள்ள விரும்புவதாகச் சொல்கிறார். 923இல் இறந்த தபரி தன் தஃப்ஸீரில் இதைப் பதிவு செய்திருக்கிறார். விவாகரத்தைப் பேசும் வசனத்திலிருந்து, விவாகரத்து வராமல் காக்கும் ஒரு தினசரிப் பழக்கத்தை எடுத்திருக்கிறார் மனுஷர்.

அதே வசனத்தில்தான் ஆண்களுக்கு ஒரு படி உயர்வு என்ற வார்த்தையும் வருகிறது. நம்ம புத்தகம் அதைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. இப்னு அப்பாஸ் அதற்குச் சொன்ன பொருளைப் போடவில்லை. மனைவியிடமிருந்து வரவேண்டியதை ஒன்று விடாமல் துடைத்து வாங்காமல், கொஞ்சம் விட்டுக்கொடுப்பதுதான் அந்தப் படி என்கிறார் அவர். தபரிக்கும் இந்த விளக்கம்தான் பிடித்திருக்கிறது.

அடுத்து, புத்தகம் காட்டும் ஹதீஸ்களைப் பார்ப்போம். ஆதாரம் சரிதான், வாசிப்புதான் கோணல்.

ஒன்று, பயணம் போய்த் திரும்புகிறவர்கள் மனைவி தலைவாரித் தயாராக நேரம் கொடுக்க வேண்டும் என்று ஜாபிர் வழியாக வரும் செய்தி. இதிலிருந்து "மனைவி எப்போதும் தயாராக இருக்க வேண்டும்" என்று முடிக்கிறார் ஆசிரியர். ஆனால் உத்தரவு யாருக்கு? ஆண்களுக்கு. திடுதிப்பென்று உள்ளே நுழையாதே, வெளியே பொறு என்பதுதான் கட்டளை!

இரண்டு, மிஸ்வாக். தொழுகைக்கு முன் பல் துலக்குவதன் நன்மை பற்றி ஒரு பக்கம். நல்லது. ஆனால் நபிகள் வீட்டுக்குள் வந்ததும் முதலில் என்ன செய்வார் என்று கேட்டபோது, மிஸ்வாக் என்று ஆயிஷா சொன்னதாக முஸ்லிம் நூலில் இருக்கிறதே, அது எங்கே போனது? சொன்னவர் மனைவி என்பதைக் கவனியுங்கள். வீட்டு ஆளுக்குத்தானே அது தெரியும்.

மூன்று, மீசை, நகம், அக்குள், மறைவிட முடி ஆகியவற்றுக்கு நாற்பது நாள். அனஸ் சொல்வது, நாற்பது நாளைத் தாண்டி விட்டுவிடக் கூடாது என்று. எங்க தொழிலில் இதற்கு டைம்அவுட் என்று பெயர். கடைசி எல்லை அது. புத்தகம் அதையே கால அட்டவணையாக்கிவிட்டது. சித்திரை வெயிலில், மலைப்பாறை ராத்திரியிலும் அனல் கக்குகிற நம்ம ஊரில், நாற்பதாம் நாள்வரை காத்திருக்கிறவனை நினைத்துப் பாருங்கள்.

இதெல்லாம் சில்லறை விஷயம் என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சொந்தத்தில் ஒரு பெண், கல்யாணமாகி மூன்றே மாதத்தில் தாய்வீடு வந்துவிட்டாள். ஜமாஅத்தில் கேட்டார்கள்: அடிக்கிறானா? இல்லை. செலவுக்குக் கொடுக்கிறானா? கொடுக்கிறான். "அப்புறம் என்னம்மா?" அவள் வாயே திறக்கவில்லை. பாட்டியிடம் மட்டும் சொன்னாளாம்: எந்நேரமும் வாயில் புகையிலை, குளிக்காமலேயே பக்கத்தில் வந்து படுக்கிறார், சொன்னால் கோபம் வருகிறது. திமிர் பிடித்தவள் என்று பெயர் வாங்கிக்கொண்டு திரும்பிப் போனாள்.

1939இன் முஸ்லிம் திருமணக் கலைப்புச் சட்டத்தில் ஒரு பெண் விவாகரத்துக் கேட்பதற்கான காரணங்கள் வரிசையாக இருக்கின்றன. காணாமல் போனது, ஜீவனாம்சம் தராதது, சிறை, ஆண்மையின்மை, கொடுமை என்று. தொழுநோயும் இருந்தது, 2019இல் நீக்கினார்கள். நாற்றம் அதில் இல்லை. எந்தப் பெண்ணும் அதைக் காரணமாகச் சொல்லிக் கோர்ட் ஏறவும் மாட்டாள்.

சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004) நாவலில் வரும் பிர்தவ்ஸ், கணவனின் தோற்றம் பிடிக்காமல் முதலிரவிலேயே வாழ முடியாது என்று சொல்லிவிடுகிறாள். ஊரே அவளைத்தான் குற்றவாளி ஆக்குகிறது. அதோடு ஸாபித் பின் கைஸின் மனைவி கதையை வைத்துப் பாருங்கள். அவருடைய குணத்திலோ மார்க்கத்திலோ குறை இல்லை, ஆனாலும் சேர்ந்து வாழ முடியாது என்று நபிகளிடம் வந்து சொல்கிறார். அவர் அழகற்றவர் என்று இப்னு மாஜா பதிவு சொல்கிறது. "அப்புறம் என்னம்மா?" என்று அந்தச் சபையில் யாரும் கேட்கவில்லை. மஹராக வாங்கிய தோட்டத்தைத் திருப்பிக் கொடுத்தார், பிரிந்தார். முகம் ஒருவன் கையில் இல்லாத விஷயம், அதற்கே காது கொடுத்திருக்கிறார்கள். பல்லும் அக்குளும் நம்ம கையில்தானே இருக்கின்றன?

ஒரு நியாயமான மறுப்பு உண்டு. கறிக்கடையிலும் வெல்டிங் பட்டறையிலும் நிற்கிறவன் என்ன செய்வான்? 1273இல் இறந்த குர்துபி இதே வசனத்துக்கான விளக்கத்தில், ஆண்களின் அலங்காரம் ஆளுக்கும் வயசுக்கும் ஏற்ப மாறும் என்கிறார். பல் துலக்குவது, அழுக்கை நீக்குவது, முடி நகம் களைவது இதெல்லாம் எல்லோருக்கும் பொது. உழைத்த வேர்வையில் தப்பே இல்லை. அதைப் படுக்கைவரை கொண்டுபோவதுதான் தப்பு. ஒரு வாளித் தண்ணீரும் துவைத்த கைலியும் போதும்.

புத்தகத்தை முழுசாகக் குறை சொல்ல மாட்டேன். மஹர், பராமரிப்புச் செலவு பற்றிய பகுதிகள் தெளிவாக இருக்கின்றன. அடுத்த பதிப்பில் ஆறரைப் பக்கத்தில் மூன்றை ஆண்களுக்குத் திருப்பினால், நானே பத்துப் பிரதி வாங்கிப் புது மாப்பிள்ளைகளுக்குக் கொடுப்பேன்.

எழுதி முடித்து வீட்டில் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு என் மனைவி சொன்னது: "எல்லாம் சரிங்க. லீவு நாள்ல லேப்டாப்போட உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் பல்லு விளக்குறதில்லையே, அதையும் எழுதிட்டீங்களா?"

எழுதிவிட்டேன்.