இளந்துறவியின் வாதம்: பிறெக்ற்றின் 'கலிலியோவின் வாழ்க்கை' குறித்து

சமயத்துக்கும் விஞ்ஞானத்துக்குமிடையிலான முரண்பாட்டைச் சித்திரிக்கும் நாடகங்களுட் பெரும்பாலானவை அதனை அறியாமைக்கும் அறிவுக்கும் நிகழும் போராட்டமாகவே கொள்கின்றன. வெற்றி எவர் பக்கம் என்பது திரை விலகுமுன்பே தெரிந்துவிடும். பேர்டோல்ட் பிறெக்ற்றின் 'கலிலியோவின் வாழ்க்கை'யும் மேலோட்டமாக நோக்குவார்க்கு இவ்வகையினதாகவே தோன்றலாம். அதன் எட்டாம் காட்சி அவ்வாறு நோக்க இடந்தருவதில்லை.

கொப்பர்நிக்கசின் கொள்கையைத் திருச்சபை 1616இல் தடைசெய்த பின்னர், கணிதம் கற்ற இளந்துறவியொருவர் கலிலியோவிடம் வருகிறார். வியாழனின் துணைக்கோள்களைத் தாமே கண்டவர் அவர். எனினும் வானியலைக் கைவிடத் தீர்மானித்துவிட்டார். சித்திரவதைக் கருவிகளுக்கு அஞ்சியன்று. உரோமை நாட்டுப்புறத்தில் உழுதுண்டு வாடும் பெற்றோரை எண்ணியே. தங்கள் பசிக்கும் உழைப்புக்கும் இறைவனின் பார்வையில் ஒரு பொருள் உண்டு என்ற நம்பிக்கையே அவர்களைத் தாங்கி நிற்கிறது. பூமி எண்ணற்ற கோள்களுள் ஒன்றே எனில், அப்பசி வெறும் பசியாகிவிடும். விஞ்ஞானத்துக்கு எதிராக இந்நாடகத்தில் முன்வைக்கப்படும் வாதங்களுள் வலிமை மிக்கது இதுவே. அது பிறப்பது அதிகாரத்திலிருந்தன்று, இரக்கத்திலிருந்து என்பது கவனித்தற்குரியது.

கலிலியோவின் மறுமொழியும் இரக்கமே. ஆனாற் சினமாக உருமாறிய இரக்கம். அவ்வேழைகளின் உழைப்பு பாப்பரசரின் போர்களுக்குச் செலவாவதை அவர் சுட்டுகிறார். வறுமையிலிருந்து பிறக்கும் நற்பண்புகளைப் போற்ற மறுக்கிறார். தமது நீரிறைக்கும் பொறிகள் அவர்களுக்கு ஆறுதலினும் மேலான நன்மை செய்யும் என்கிறார். எனினும் துறவியை வெல்வது இவ்வாதமன்று. கலிலியோ வீசியெறியும் கடல்வற்றுப்பெருக்குப் பற்றிய கையெழுத்துப் படிகளே அவரை வீழ்த்துகின்றன. விளங்காத ஓரிடத்தை அவர் கேட்க, கலிலியோ விளக்கத் தொடங்குகிறார். வரலாற்றுக் கலிலியோ பூமியின் இயக்கமே கடல்வற்றுப்பெருக்குக்குக் காரணம் எனக் கொண்டு சந்திரனின் பங்கை மறுத்தவர், அக்கொள்கை பிழையானது. துறவியைக் கவர்ந்தது உண்மையன்று, உண்மையைத் தேடும் வேட்கையே என்று இதனைக் கொள்ளவும் இடமுண்டு.

1938-39இல் டென்மார்க்கில் எழுதப்பட்ட முதல் வடிவத்திற் கலிலியோவின் பணிவு ஒரு தந்திரமாகவே அமைந்தது. 1945இல் ஹிரோஷிமாவிற் குண்டு வீழ்ந்த பின், நடிகர் சார்ள்ஸ் லோட்டனுடன் இணைந்து பிறெக்ற் அதனைத் திருத்தினார். 1947இல் அமெரிக்காவில் மேடையேறிய கலிலியோ தம்மையே குற்றவாளியாக்குகிறார். மனித வாழ்வின் சுமையைக் குறைப்பதே விஞ்ஞானத்தின் குறிக்கோள் என அவர் அங்கு உரைப்பது மறுக்கவியலாதது. ஆயினும் அது உரைக்கப்படுகிறது. எட்டாம் காட்சியில் அதே பிரச்சினை இரு மனிதர்களிடையே வாழ்கிறது. நாடகமென்ற வகையிற் பின்னையதே உயர்ந்தது.

வரலாற்றுக் கலிலியோ இறைநம்பிக்கையுள்ளவர். 1615இல் கிறிஸ்தினா கோமாட்டிக்கு எழுதிய நீண்ட மடலில் வேதாகமத்தின் நோக்கம் வானியல் கற்பிப்பதன்று என வாதிட்டவர். பிறெக்ற் இதனைப் பெரிதும் ஒதுக்கிவிட்டமை நாடகத்தின் குறையே. இளந்துறவியின் பாத்திரமே அக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறது.

அப்பெற்றோர் மேடைக்கு வருவதேயில்லை. இருவரும் அவர்களுக்காகப் பேசுகின்றனர். அவர்களைக் கேட்டவர் எவருமில்லை. பத்தாங் காட்சியின் களியாட்டத்திற் பொதுமக்கள் புதிய கொள்கையைப் பாடி மகிழ்வது இதற்கு விடையெனச் சிலர் கருதலாம். ஆயின் அங்கு ஆடுவோர் நகரத்தவர். ஒலிவ மரங்களிடையே முதுகு வளைந்தவர்களல்லர். பதினான்காம் காட்சியில், இளந்துறவி ஆய்வைத் துறந்து திருச்சபையின் மடிக்கே மீண்டுவிட்டார் என்று அந்திரேயா ஒரு வரியிற் கூறுகிறான். அவர் ஏன் மீண்டார் என்று கலிலியோ கேட்பதில்லை.