ஆற்றுப்படையும் வாரப் பரிந்துரையும்

ஓய்வு நேரத்திற் காணவும் கேட்கவும் தக்கன இவையென வாரந்தோறும் எடுத்துரைக்கும் பகுதி இன்று பெரும்பாலான பத்திரிகைகளில் இடம்பெறுகின்றது. வார இறுதி நெருங்கியதும் புதிய படங்கள் இவை, தொடர்கள் இவை, கேட்கத்தக்க பாடல்கள் இவை என்று பட்டியல்கள் வந்து குவிகின்றன. இவ்வகை எழுத்தைத் திறனாய்வின்பாற் படுத்தி நோக்குவோர் மிகச் சிலரே. நூலொன்றை எடைபோடுவது திறனாய்வு, படமொன்றைப் பாரென்பது வெறுஞ் செய்தி என்னும் எண்ணமே இதற்குக் காரணமாகலாம். அவ்வெண்ணம் பொருந்தாது என்பதும், பரிந்துரைக்கும் ஓர் இலக்கணம் உண்டு என்பதும், அவ்விலக்கணம் தமிழர்க்கு ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையது என்பதும் இக்கட்டுரையின் கருத்துகளாகும்.

பத்துப்பாட்டிற் சரிபாதி ஆற்றுப்படையாகும். திருமுருகாற்றுப்படை, பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை, கூத்தராற்றுப்படை எனவும் வழங்கும் மலைபடுகடாம் ஆகிய ஐந்தும் அவ்வகையின. இவற்றுள் முருகாற்றுப்படை இறைவனிடத்தும் ஏனையவை வள்ளல்களிடத்தும் ஆற்றுப்படுத்துவன. கூத்தர், பாணர், பொருநர், விறலியர் ஆகிய கலைஞர் தாம் பெற்ற வளத்தை எதிர்ப்பட்டார்க்குக் கூறி, அவரும் சென்று பயனடையுமாறு வழிப்படுத்துதலைத் தொல்காப்பியர் புறத்திணையியலில் இதன் இலக்கணமாக வகுத்தார். 'இவ்வழியே செல்க, இன்னது பெறுக' என்று ஒருவர் மற்றொருவரை ஆற்றுப்படுத்துவதே இதன் உயிர்நிலை. வாரப் பரிந்துரை செய்வதும் இதனையே அன்றோ? ஆகவே, பழைய பாட்டின் இயல்புகளை உரைகல்லாகக் கொண்டு புதிய பரிந்துரையை உரைத்துப் பார்த்தல் பொருந்தும்.

வள்ளலிடத்து ஆற்றுப்படுத்தும் பாணனிடத்து மூன்று இயல்புகளைக் காண்கின்றோம். முதலாவது, அவன் சென்று வந்தவன். தான் மிதியாத வழியை அவன் பிறர்க்குச் சொல்வதில்லை. மிதித்தவன் ஆதலின் வழியின் இனிமையோடு இடரையும் உரைக்கின்றான். மலைபடுகடாத்தின் 583 அடிகளிற் பெரும்பகுதி நன்னனிடம் செல்லும் வழியைப் பற்றியதே. பன்றிக்கு வைத்த பொறி, தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கல், பாம்பு உறையும் இடம், வழுக்கும் பாறை என அனைத்தையும் பெருங்கௌசிகனார் ஒளியாமற் கூறுகின்றார்.

இரண்டாவது, அவன் எதிரே நிற்பவனை அறிந்தவன். சிறுபாணாற்றுப்படை, சுற்றத்தோடு பசித்து நடக்கும் பாணனுக்கு உரியது. ஆதலின் அப்புலவர் ஒவ்வொரு நிலத்திலும் கிடைக்கும் உணவை எடுத்துரைக்கின்றார். கடற்கரைப் பட்டினத்திற் சுட்ட குழல்மீன் கிடைக்கும் என்ற செய்தி, பசித்தவனுக்குக் கூறப்படும்போதே பொருளுடையதாகின்றது.

மூன்றாவது, அவன் தான் பெற்றதை மறையாதவன். வள்ளலிடம் பரிசில் பெற்றவனே அவ்வள்ளலைப் புகழ்கின்றான். ஆயின் அப்புகழ்ச்சியை எவ்வாறு நம்புவது என்று ஒருவர் வினவலாம். தக்க வினாவே. இதற்கு விடை அப்பாட்டிலேயே உளது. பெற்ற பரிசில் இன்னதென்று அவன் முதலிலேயே சொல்லிவிடுகின்றான். பெற்றதை அறிந்தவன் சொல்வதை எடைபோட வல்லவனாகின்றான். பரிசில் பெறுவது குற்றமன்று. பெற்றதை மறைத்துப் பேசுவதே குற்றம். இம்மூன்றாம் இயல்பே இக்காலத்திற் பெரிதும் வேண்டப்படுவது.

தமிழ் இதழியலில் இவ்விலக்கணத்திற்கு ஓரளவு பொருந்த எழுதியவர் கல்கி. ஆனந்த விகடனில் 1930ஆம் ஆண்டுகளில் 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் அவர் எழுதிய 'ஆடல் பாடல்' பகுதி இசை, நடனம், நாடகம் முதலியவற்றைப் பொதுமக்களுக்கு எடுத்துரைத்தது. சபைக்குச் சென்று அமர்ந்து கேட்டவர் அவர். இராக இலக்கணம் அறியாத வாசகனே தமக்கு எதிரே நிற்பவன் என்பதை உணர்ந்து, நகைச்சுவை கலந்த எளிய நடையில் எழுதினார். பாட்டு நன்றாயிருந்தது என்பதோடு, எந்த இடத்திற் சலிப்புத் தட்டியது என்பதையும் சொன்னார். முதலிரண்டு இயல்புகளும் இங்கே நிரம்பியுள்ளன.

மூன்றாவது இயல்பை நோக்குமிடத்து அவர் வரலாறு சுவையுடையதாகின்றது. 1941ஆம் ஆண்டிற் சதாசிவத்தோடு சேர்ந்து அவர் 'கல்கி' இதழைத் தொடங்கினார். அதற்குரிய முதலைத் திரட்டும்பொருட்டே சதாசிவத்தின் துணைவியாராகிய எம். எஸ். சுப்புலட்சுமி 'சாவித்திரி' படத்தில் நாரதராக நடித்தார். பின்னர் வெளிவந்த 'மீரா' படத்திற்குக் கல்கி பாடல் இயற்றினார். கலைஞரின் பொருளால் எழுந்த இதழிற் கலைத் திறனாய்வு நடைபெற்றதென்றால் அதில் ஐயம் எழுதல் இயல்பே. எனினும் அவ்வுறவு ஒளிவின்றி நாடறிந்ததாய் இருந்தது. வாசகர் அதனை அறிந்தே படித்தனர். கொள்வதைக் கொண்டு தள்ளுவதைத் தள்ளினர். பரிசில் பெற்ற பாணனின் நிலையும் இதுவே.

இனி, நம் நாட்டுக் கரையோர ஊரொன்றிலிருந்து இதனை நோக்குவோம். திருகோணமலை நகருக்கு வடக்கே, உப்புவெளிக்கு அப்பால், சாம்பல்தீவுப் பகுதியிற் கடலை ஒட்டி அமைந்தது சல்லி. முத்துமாரியம்மன் கோயிலாற் பெயர் பெற்ற ஊர் அது. இத்தகைய ஊரில் நெடுங்காலம் எதைக் காண்பது, எதைக் கேட்பது என்பதை அறியப் பத்திரிகைப் பட்டியல் தேவைப்படவில்லை. கோயில் விழாவும் அதனையொட்டிய ஆடல் பாடலும் ஊர்வழக்கால் அறியப்பட்டன. நகரத்துப் படமாளிகைக்குப் போய் வந்தவர் சொல்லியது மற்றவர்க்குப் பரிந்துரையாயிற்று. சொன்னவர் யாரென்பது கேட்டவர்க்குத் தெரியும். சொன்னது பொய்த்தால் மறுநாள் கரையில் அவரையே கேட்கலாம். பொறுப்பு என்பதன் பொருள் இதுதான்.

பின்பு வானொலி வந்தது. இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு 1950ஆம் ஆண்டிற் தொடங்கியது. 1952ஆம் ஆண்டளவில் அமைச்சர் கேஸ்கரின் காலத்து அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியபோது, தமிழகத்து நேயரும் இலங்கையை நோக்கித் தம் வானொலிப் பெட்டிகளைத் திருப்பினர். 1957ஆம் ஆண்டில் விவித பாரதி தோன்றிய பின்னரும் அப்பழக்கம் உடனே மாறிவிடவில்லை. எஸ். பி. மயில்வாகனம் போன்ற அறிவிப்பாளர் இரு கரையிலும் வீட்டு மனிதராயினர். அவர் ஒரு பாடலை எடுத்து வைத்ததே அதற்கொரு பரிந்துரையாயிற்று. கடற்றொழில் செய்வோர்க்குக் காற்றும் மழையும் பற்றிய அறிவிப்பும் மாலைப் பாட்டும் ஒரே பெட்டியிலிருந்து வந்தன. முன்னது பொய்த்தால் உயிர்க்கு இடர்; பின்னது பொய்த்தால் ஒரு மாலைப்பொழுது வீண். இரண்டையும் ஒரே குரலில் நம்பினர் என்பதை எண்ணுங்கால், அக்குரலுக்கு இருந்த மதிப்பு விளங்கும்.

வானொலியில் விளம்பரமும் இருந்தது. 1970ஆம் ஆண்டுகளில் கே. எஸ். ராஜா நடத்திய 'திரை விருந்து' புதிய படங்களை விரைந்த பேச்சாலும் துணுக்குக் காட்சிகளின் ஒலியாலும் நேயர்முன் கொண்டுவந்து நிறுத்தியது. அது வர்த்தக ஒலிபரப்பின் நிகழ்ச்சி, படத்தை விற்கும் முயற்சி என்பதைக் கேட்டவர் அறிவர். அறிந்தே சுவைத்தனர். கூத்தில் வரும் கட்டியகாரனின் கூற்றைக் கேட்பது போல அதனைக் கேட்டனர். விளம்பரம் தன் முகத்தோடு வரும்போது தீங்கு செய்வதில்லை. பரிந்துரையின் வேடம் புனைந்து வரும்போதே அது கேடாகின்றது.

அடுத்து எண்கள் வந்தன. இலங்கை வானொலியின் இந்தி ஒலிபரப்பில் 1952ஆம் ஆண்டிற் தொடங்கிய அமீன் சயானியின் 'பினாக்கா கீத்மாலா' பாடல்களை வரிசைப்படுத்தி வாரந்தோறும் வழங்கியது. எது பலரால் விரும்பப்பட்டது என்பதை அவ்வரிசை சொல்லும். எது நன்று என்பதை அது சொல்லாது. தமிழில் ஆனந்த விகடன் திரைப்படங்களுக்குப் புள்ளி வழங்கியது. பாரதிராஜாவின் '16 வயதினிலே' 1977ஆம் ஆண்டில் 62.5 புள்ளி பெற்றது இன்றும் பேசப்படுகின்றது. நூற்றுக்கு நூறு எப்படமும் பெறாது என்ற கண்டிப்பு அம்முறைக்கு ஒரு பெருமை தந்தது என்பதை மறுத்தல் இயலாது. ஆனால் 62.5 புள்ளி பெற்ற படத்தை முதியவர் காணலாமா, சிறுவர் காணலாமா, துயருற்றவர் காணலாமா என்பதை எண் கூறுமா? எண் வழியின் தொலைவைச் சொல்லும். வழியிலுள்ள பாம்பையும் பாறையையும் சொல்லாது. விகடனிற் புள்ளியோடு விமரிசனமும் எழுதப்பட்டது. நாளடைவில் வாசகர் பலர் விமரிசனத்தை மறந்து புள்ளியை மட்டும் நினைவிற் கொண்டனர். எண்ணின் ஆற்றலும் அதனால் விளையும் இழப்பும் இதனாற் புலனாகும்.

இன்று எண்ணையும் கடந்து வந்துள்ளோம். 2016ஆம் ஆண்டு சனவரியில் நெற்ஃபிளிக்ஸ் நிறுவனம் 130 நாடுகளிற் புதிதாகச் சேவையைத் தொடங்கியபோது இலங்கையும் அதனுள் அடங்கியது. ஐந்து விண்மீன்களால் மதிப்பிடும் முறையை அந்நிறுவனம் 2017ஆம் ஆண்டிற் கைவிட்டுப் பெருவிரலை உயர்த்தியோ தாழ்த்தியோ காட்டும் முறையைக் கொண்டது. நாம் முன்பு கண்டவற்றைக் கணக்கிட்டு, இனி இதைக் காண்க என்று இயந்திரம் நமக்குச் சொல்கின்றது. சல்லியில் இருப்பவரும் சென்னையில் இருப்பவரும் கைப்பேசியில் இவ்வழிகாட்டலைப் பெறுகின்றனர்.

ஆற்றுப்படையின் உரைகல்லில் இதனை உரைத்துப் பார்த்தால் என்ன தெரிகின்றது? இவ்வழிகாட்டி எதனையும் கண்டதில்லை. கண்டு நெஞ்சுருகியதும் இல்லை. எதிரே நிற்பவனை அது ஒருவகையில் நன்கு அறியும். ஆனால் அவன் நேற்றுச் சென்ற வழியைக் கொண்டே அறியும். ஆதலின் முன் சென்ற வழிக்கு ஒத்த வழியிலேயே அவனை மீண்டும் பெரிதும் செலுத்துகின்றது. பாணனோ, எதிர்ப்பட்டவன் ஒருபோதும் கண்டறியாத ஊருக்கு அவனை அனுப்பினான். அன்றியும், இயந்திரத்தின் பரிந்துரையில் நிறுவனத்தின் ஊதியம் எவ்வளவு கலந்துள்ளது என்பதைப் பார்ப்பவன் அறிய வழியில்லை. பயன் இல்லையென்று கூறவில்லை. ஆயிரக்கணக்கான படங்களுள் ஒன்றைத் தேடி எடுத்துத் தருவது சிறிய தொண்டன்று. அது தேடித் தரும், ஆற்றுப்படுத்தாது.

இதனால் நாம் இழப்பது யாது? இழப்பது நம்முடையவற்றையே. தர்மசேன பத்திராஜ நெறியாண்ட 'பொன்மணி' 1977ஆம் ஆண்டில் வெளிவந்தது. சிங்கள நெறியாளர் ஒருவர் தமிழில் ஆக்கிய அப்படம் யாழ்ப்பாணத்துச் சாதி வேற்றுமையை அஞ்சாது எடுத்துப் பேசியது. செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய 'வாடைக்காற்று' 1978ஆம் ஆண்டில் வந்தது. மீனவர் வாழ்வைப் பொருளாகக் கொண்டமையின், சல்லியிலுள்ளார் தம் தொழிலையே அதிற் காணலாம். சானாவின் 'லண்டன் கந்தையா', இலங்கையர்கோனின் 'விதானையார் வீட்டில்' ஆகிய வானொலி நாடகங்கள் நம் பேச்சுவழக்கின் உயிரோட்டத்தை ஒலியிற் பதித்தவை. வாரப் பட்டியல்களில் இவை இடம்பெறுவதைக் காண்டல் அரிது. பலர் காணாதவற்றை இயந்திரம் பரிந்துரைப்பதில்லை. பரிந்துரைக்கப்படாதவற்றைப் பலர் காண்பதில்லை. இவ்வட்டத்திற் சிக்கிய கலைகள் தீயன என்பதால் அழிவதில்லை. 'அங்கே செல்க' என்று சொல்வாரில்லாமையால் அழிகின்றன.

இவ்வட்டத்தை உடைத்த ஒருவர் நம்மிடையே இருந்தார். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960ஆம் ஆண்டுகளில் மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரிடையே கொண்டுவந்தார். 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியவை அம்முயற்சியில் மேடையேறின. கற்றோர் பொருட்படுத்தாதிருந்த ஒரு கலையை அவர் ஊர்களுக்குச் சென்று கண்டார்; அதன் நீளத்தையும் மெதுவான நடையையும் நகரத்தார் பொறுக்கமாட்டார் என்பதை அறிந்து சுருக்கினார்; பின்னரே 'இதனைக் காண்க' என்றார். இராவணன் பெயரோடு இணைத்து வழங்கும் மரபுரை நிலவும் கோணமலையில் வாழும் நமக்கு, இராவணனைத் தலைவனாக்கிய கூத்தை எண்ணும்போது ஒரு தனி உரிமையுணர்வு எழுதல் இயல்பே. கூத்து இன்று கற்றோரிடை மதிப்புப் பெற்றிருப்பதற்கு அவர் ஆற்றுப்படுத்தியமை ஒரு பெருங்காரணம்.

சுவை அவரவர்க்கு உரியது, பிறர்க்கு வழிகாட்டுதல் ஆதிக்கமன்றோ என்பார் உளர். ஆற்றுப்படை ஆணையன்று. பாணன் கூறிய பின்னும் கேட்டவன் வேறு வழியே செல்லலாம். வழி இருப்பதை அறியாதவனுக்கோ தெரிவே இல்லை.

இவற்றையெல்லாம் கருதி, பத்திரிகைகளை நோக்கி முறையிடுவதினும் நாமே செய்யத்தக்க சிறு செயலொன்றைக் கூறி முடிக்கலாம். கல்லூரியின் அறிவிப்புப் பலகையில் வாரந்தோறும் ஒரு தாள் ஒட்டப்படுக. காண ஒன்று, கேட்க ஒன்று, இரண்டே போதும். அவற்றுள் ஒன்றாயினும் இந்நாட்டுத் தமிழ்ப் படைப்பாகுக. எழுதும் மாணவர் தாமே கண்டதையும் கேட்டதையும் மட்டுமே எழுதுக. யாருக்கு ஏற்றது, எவ்விடத்திற் பொறுமை வேண்டும் என்பதைச் சொல்லுக. இலவசச் சீட்டுப் பெற்றிருந்தால் அதனையும் சொல்லுக. கீழே தம் பெயரை இடுக. புள்ளி வேண்டா. சொன்னது பொய்த்ததெனக் கண்டவர் மறுநாள் நடைகூடத்தில் அவரையே நிறுத்திக் கேட்கட்டும். திறனாய்வின் முதற் பாடம் அங்கேதான் தொடங்கும்.