பகடையிடம் விடக்கூடாத தகவல்

நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பேச்சாலும் பகடையாலும் கதையை நகர்த்தும் விளையாட்டு, 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் உருவாக்கிய டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வழியாக அச்சில் வந்தது. அதில் ஒருவர் மட்டும் தனிப் பாத்திரம் ஏற்காமல் உலகம் முழுவதையும் நடத்துகிறார். அவர்தான் கேம் மாஸ்டர். மற்றவர்களுக்குக் கண்ணும் காதும் அவருடைய வாய்ச்சொல்தான். அவர் சொல்லாத கதவு அங்கே இல்லை. அவர் சொல்லாத பகை யாருக்கும் தெரியாது. இந்த அதிகாரத்தோடு, மறைப்பதே இயல்பு, சொல்வது சலுகை என்ற மனப்பாங்கும் தொடக்கத்திலேயே வளர்ந்துவிட்டது. 1979இல் வந்த டஞ்சன் மாஸ்டர்ஸ் கைடின் முன்னுரையில் கைகாக்ஸ், அந்தப் புத்தகம் ஆட்டத்தை நடத்துபவருக்கு மட்டுமே உரியது என்று கறாராக எழுதி, அதைக் கையில் வைத்திருக்கும் மற்றவர்களைக் கடுமையாகச் சாடினார். இந்த மரபை முழுதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் புதிரை மறைப்பதும், பாத்திரம் பிறந்து வளர்ந்த ஊரையே அதனிடமிருந்து மறைப்பதும் ஒன்றல்ல. முதலாவது ஆட்டத்துக்கு உயிர் தருகிறது, இரண்டாவது அந்த உயிரை எடுத்துவிடுகிறது.

2000இல் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் மூன்றாம் பதிப்பு, வரலாறு, சமயம், மாயக்கலை என்று பிரித்து அறிவையும் உருட்டிப் பார்க்கும் திறனாக ஆக்கியது. இதனால் மேசையில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். ஒருவர் கோயில் பூசாரியாக ஆடுகிறார். அரசவைக்குள் நுழையும்போது, 'இங்கே வாளோடு போகலாமா?' என்று கேட்கிறார். மாஸ்டர் பகடையை உருட்டச் சொல்கிறார். நான்குதான் விழுகிறது, அது போதாது. 'உனக்குத் தெரியாது.' அந்தப் பூசாரி அந்த ஊரிலேயே நாற்பது வருடம் வாழ்ந்தவர். அந்த ஊருக்குப் புதியவர் அவரை ஆடுகிறவர்தான். அடுத்த நிமிடம் வாளோடு உள்ளே போகிறார்கள், காவலர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். ஆட்டக்காரர் எடுத்த முடிவுக்கு விளைவு வந்துவிட்டது போலத் தோன்றும், ஆனால் அங்கே முடிவு என்று எதுவுமே எடுக்கப்படவில்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? தண்டனை தெரிந்தபின்னும் வாளை ஒளித்து எடுத்துப் போயிருந்தால், அதைத் துணிச்சல் என்று சொல்லலாம்.

அறியாமையை நேர்மையாகக் கையாண்ட ஆட்டமும் உண்டு. தெற்காசிய மொழிகளைக் கற்பித்த பேராசிரியர் எம்.ஏ.ஆர். பார்க்கர் 1975இல் வெளியிட்ட எம்பயர் ஆஃப் த பெட்டல் த்ரோன், டெகுமெல் என்ற உலகில் நடக்கிறது. மொழி, சாதியடுக்கு, கோயில்கள், தெய்வங்கள் என்று அதில் அத்தனையும் புதிது. புதிய ஆட்டக்காரருக்கு அதையெல்லாம் முன்கூட்டியே பாடம் நடத்த வழியில்லை. எனவே பார்க்கர் பாத்திரங்களையே வெளியூர்க்காரர்கள் ஆக்கினார்: ஜக்கல்லா துறைமுகத்தில் சிறு படகில் வந்து இறங்கி, அயலார் குடியிருப்பிலிருந்து தொடங்குகிறார்கள். ஆடுகிறவருக்குத் தெரியாதது பாத்திரத்துக்கும் தெரியாது. மறைத்து வைக்கும் முறை முழுவதும் நியாயப்படுவது இப்படி ஒரு அமைப்பில்தான். பார்க்கரின் ஏற்பாட்டை எடுத்துக்கொள்ளாமல் அவருடைய மௌனத்தை மட்டும் எடுத்துக்கொள்வதால்தான் பூசாரிக்கு அந்த நிலை வந்தது.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் மர்மம் எங்கே என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கைகாக்ஸே எழுதிய த கீப் ஆன் த பார்டர்லேண்ட்ஸ் என்ற சாகசக் கதைநூல் அதற்குப் பதில் வைத்திருக்கிறது. கோட்டையில் விசாரிப்பவர்களுக்குக் கொடுக்க இருபது வதந்திகள் கொண்ட ஒரு பட்டியல் அதில் உண்டு. சில உண்மை, சில பொய். 'ப்ரீ-யார்க்' என்றால் கோப்ளின் என்ற குட்டி அரக்கர்களின் மொழியில் 'சரணடைகிறோம்' என்று பொருள் என்கிறது ஒரு வதந்தி. குகையில் கோப்ளின்கள் அப்படிக் கத்துவதோ துணைக்கு ஆள் கூப்பிடத்தான். வதந்தியை நம்பி வாளைத் தாழ்த்தியவர் ஏமாறுகிறார், ஆனால் அவருக்குக் கோபம் வராது; யாரிடம் கேட்டோம், ஏன் சரிபார்க்கவில்லை என்று யோசிக்க அவருக்கு இடமிருக்கிறது. தகவல் தாராளமாகக் கிடைத்ததால்தான் அந்த மர்மம் நிற்கிறது. துப்பறியும் ஆட்டங்களில் ஆட்ட வடிவமைப்பாளர் ராபின் டி. லாஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். 2007இல் வந்த அவருடைய கம்ஷூ முறையில், உரிய திறன் உள்ளவர் சரியான இடத்தில் தேடினால் முக்கியத் தடயம் கிடைத்தே தீரும், பகடைக்கு அங்கே வேலையில்லை. தடயத்தை வைத்து உண்மையைக் கோத்தெடுப்பதுதான் ஆட்டம்.

பாத்திரத்துக்குத் தெரியாததை ஆட்டக்காரர் பயன்படுத்திவிடுவார் என்பது அடுத்த அச்சம். ட்ரோல் என்ற அரக்கனின் காயம் தானே ஆறிவிடும், நெருப்பும் அமிலமும்தான் அதைத் தடுக்கும். பழைய ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் இது தெரியும். தெரியாததுபோல நடித்து, மூன்று சுற்று வீணாகக் கத்தி வீசிவிட்டு, தற்செயலாகப் பந்தத்தை எடுப்பதில் யாருக்கு என்ன சுவை? மலையடிவாரத்துப் பாட்டிகளே குழந்தைகளுக்குச் சொல்லும் சங்கதி என்று வைத்துவிடலாம். நெருப்பு நிற்காத கொட்டும் மழையில் அதே ட்ரோலை நிறுத்தினால், தெரிந்த தகவலே பயமுறுத்தும்.

வெளிப்படையாகச் சொல்லும் முறையின் உண்மையான பலவீனம் வேறு: சொல்லவேண்டும் என்ற ஆர்வத்தில், முப்பது பக்க உலக வரலாற்றை முதல் நாளுக்கு முன்பே அனுப்பிவைப்பது. உழைத்து எழுதியதுதான், ஆனால் பலரும் படிப்பதில்லை, படித்தவருக்கும் தேவையான நேரத்தில் நினைவு வராது. 1984இல் வந்த மாஸ்க்ஸ் ஆஃப் நியார்லதோடெப் என்ற சாகசத் தொகுப்பு தகவலைச் செய்தித்தாள் துண்டுகளாகவும் கடிதங்களாகவும், ஷாங்காய் மதுக்கடை ஒன்றின் தீப்பெட்டியாகவும் கையில் கொடுத்தது. சின்னதாக, உரிய நேரத்தில், திரும்ப எடுத்துப் பார்க்கும்படி கொடுத்தார்கள்.

2012இல் வந்த டஞ்சன் வேர்ல்டு என்ற ஆட்டம் இதைப் பேச்சிலேயே செய்கிறது. நினைவைத் துழாவும் ஆட்டக்காரர் இரண்டு பகடைகளை உருட்டுகிறார். கூட்டுத்தொகை பத்தோ அதற்கு மேலோ வந்தால் சுவையானதும் பயன்படுவதுமான ஒரு செய்தி கிடைக்கும். ஏழு முதல் ஒன்பது என்றால் சுவையான செய்தி மட்டும், அதைப் பயன்படுத்தும் வழியை அவரே தேட வேண்டும். அதோடு மாஸ்டர், 'இது உனக்கு எப்படித் தெரியும்?' என்று திருப்பிக் கேட்கலாம். இப்படி ஆட்டக்காரரையும் கற்பனை செய்யவிட்டால் கொலைகாரன் யார் என்பதே ஆளுக்கு ஆள் மாறிவிடாதா என்பவர்கள் அந்தக் கேள்வியின் எல்லையைக் கவனிக்க வேண்டும். செய்தி என்ன என்பதை மாஸ்டர்தான் சொல்கிறார். அதை எந்த ஆசிரியரிடம், எந்தச் சிறையில், எந்தத் தோல்வியில் கற்றுக்கொண்டோம் என்பதை மட்டுமே ஆட்டக்காரர் சேர்க்கிறார்.