நினைவூட்டலின் கடமை எதுவரை?

மூன்று மணிக் கூட்டத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்னதாகக் கணினி சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அதே கணினிதான் போன வாரம் முடிந்துபோன கூட்டத்துக்கு இன்று காலையில் நினைவூட்டல் காட்டியது. மின்னஞ்சல் மென்பொருளோடு நாட்காட்டியையும் சேர்த்து வைத்திருப்பவர்களின் முறையீடுகள் பெரும்பாலும் இந்த இரண்டில் அடங்கிவிடும்: வரவேண்டியது வராமல் போவது, போகவேண்டியது போகாமல் நிற்பது. இவற்றுக்கு மருந்துகள் பல சொல்லப்படுகின்றன. ஒவ்வொரு மருந்தும் எந்த நோயைத் தீர்க்கிறது, எதை வெறுமனே மறைக்கிறது என்று பிரித்துப் பார்த்தால்தான் அதன் தகுதி தெரியும்.

அதற்கு மூன்று அளவுகோல்களை வைத்துக்கொள்கிறேன். நினைவூட்டல் சரியான நேரத்தில் ஒலிக்க வேண்டும். பார்த்தாயிற்று என்று நாம் சொன்னபின், எல்லாக் கருவிகளிலும் அது அடங்க வேண்டும். தன்னால் ஒலிக்க முடியாத நிலை வந்தால், அதை நமக்குத் தெரிவிக்க வேண்டும். முதல் இரண்டையும் எல்லோரும் கேட்கிறார்கள். மூன்றாவதைக் கேட்பவர்கள் குறைவு. கேடு அதிகமாக விளைவதோ அங்கேதான்.

முதலில் அவுட்லுக். ஆஃபீஸ் 97 தொகுப்போடு வந்து, அலுவலகங்களில் ஊன்றிவிட்ட மென்பொருள் இது. இப்போது கிளாசிக் என்று அழைக்கப்படும் அதன் பழைய வடிவத்தில், நினைவூட்டல்களைத் திரட்டுவதற்கென்று கண்ணுக்குத் தெரியாத ஒரு தேடல் ஃபோல்டர் அஞ்சல்பெட்டிக்குள் இருக்கிறது. சந்திப்புகள், பணிகள், கொடியிட்ட அஞ்சல்கள் ஆகியவற்றில் நினைவூட்டல் வைத்தவற்றை அது தொகுத்துத் தருகிறது. அந்தத் தொகுப்பு கெட்டுப்போனால், நாட்காட்டியில் சந்திப்பு ஒழுங்காகத் தெரியும், நினைவூட்டல் மட்டும் வராது. அல்லது டிஸ்மிஸ் செய்து அடக்கியது திரும்பத் திரும்ப எழுந்து வரும்.

இதற்கு மைக்ரோசாஃப்ட் தரும் மருந்து, அவுட்லுக்கை மூடிவிட்டு ரன் பெட்டியில் அதன் பெயரோடு ‘/கிளீன்ரிமைண்டர்ஸ்’ என்ற ஆணையைச் சேர்த்துத் திறப்பது. பழைய தொகுப்பு அழிந்து புதிதாகக் கட்டப்படும். சந்திப்புகள் அப்படியே இருக்கும். ஆபத்தில்லாத, இலக்கைக் குறிதவறாமல் தொடும் மருந்து. பலருக்கு ஒரே முறையில் குணம் தெரியும். ஆனால் சில வாரங்களில் மறுபடி இதே ஆணை தேவைப்பட்டால், கெட்டது தொகுப்பு மட்டும் அன்று. தரவுக்கோப்பு பழுதாகியிருக்கலாம், அதற்கு ஸ்கேன்பிஎஸ்டி என்ற பழுதுநீக்கும் கருவி இருக்கிறது. கைபேசியும் கணினியும் ஒரே சந்திப்பின் நினைவூட்டலை மாறிமாறித் திருத்திக்கொண்டிருக்கலாம். தொடர் சந்திப்புகளில் இந்த மோதல் இன்னும் கூடும். வாராவாரம் நடக்கும் கூட்டத்துக்கு ஒவ்வொரு வாரத்துக்கும் தனித்தனி நினைவூட்டல் குறிப்பு கிடையாது. அடுத்து எப்போது ஒலிக்க வேண்டும் என்ற ஒரே நேரத்தைத்தான் முழுத் தொடரும் சுமக்கிறது. அந்த ஒன்று பிசகினால் தொடரே ஊமையாகிவிடும்.

மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவச் சொல்வது அடிக்கடி கேட்கும் ஆலோசனை. இது வீண் உழைப்பு. கெட்டுப்போன அந்தத் தேடல் ஃபோல்டர் அஞ்சல்பெட்டிக்குள் இருக்கிறது, நிரலுக்குள் அன்று. நிரலை எத்தனை முறை நிறுவினாலும் பெட்டி பழைய பெட்டிதான். புதிய புரொஃபைல் உருவாக்குவதும், கணினியிலுள்ள நகல்கோப்பு கெட்டிருந்தால் மட்டுமே பயன் தரும்.

மென்பொருளில் பழுதே இல்லாமல் நினைவூட்டல் வராத சந்தர்ப்பங்களும் உண்டு. கிளாசிக் அவுட்லுக் திறந்திருந்தால்தான் நினைவூட்டல் வரும், மூடியிருந்தால் வராது. இன்னொருவர் பகிர்ந்த நாட்காட்டியைத் திறந்து வைத்திருந்தாலும் அதிலுள்ள சந்திப்புகளுக்கு ஒலிக்காது. ஐமேப் மின்னஞ்சல் கணக்கோடு சேர்ந்து ‘இந்தக் கணினி மட்டும்’ என்ற குறிப்போடு நிற்கும் நாட்காட்டியிலும் பலர் ஏமாந்துபோகிறார்கள். இயல்பிருப்பாகத் தேர்ந்த தரவுக்கோப்பில் இல்லாத சந்திப்புக்கு நினைவூட்டலை நம்ப முடியாது. இவை எல்லாம் வடிவமைப்பாளர்கள் தெரிந்தே வைத்த எல்லைகள். ஆனால் அந்தச் சந்திப்புகளிலும் மணி அடையாளத்தைக் காட்டிவிட்டு, இது ஒலிக்காது என்று நாட்காட்டிப் பார்வையிலேயே எழுதாமல் விடுவது நியாயமில்லை. மூன்றாவது அளவுகோலில் அவுட்லுக் இங்கே தோற்கிறது.

மொசில்லாவின் மின்னஞ்சல் மென்பொருளான தண்டர்பேர்டின் கதை வேறு. லைட்னிங் என்ற துணைநிரலாகத் தொடங்கிய நாட்காட்டி, 2015-ல் 38-ஆம் பதிப்போடு சேர்த்தே வந்தது. 2020-ல் 78-ஆம் பதிப்பில் மென்பொருளின் உறுப்பாகவே ஆனது. ஒவ்வொரு நாட்காட்டிக்கும் நினைவூட்டல் காட்டவா வேண்டாமா என்று தனித்தனியே தேர்ந்துகொள்ளலாம். படிக்க மட்டும் அனுமதியுள்ள நாட்காட்டியில் ஸ்னூஸ் செய்து ஒத்திவைக்க முடியாது, டிஸ்மிஸ் மட்டுமே செய்யலாம் என்று நினைவூட்டல் சாளரத்திலேயே எழுதிக் காட்டுகிறது. தன் எல்லையைத் தானே சொல்லும் இந்த நேர்மைக்கு மதிப்பெண் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஆஃப்லைன் வசதிக்காக அது வைத்திருக்கும் உள்நகல் கெட்டுப்போனால், அவுட்லுக்கின் ஆணையைப் போல ஒற்றை வரியில் முடிகிற மருந்து இங்கே கிடையாது. நாட்காட்டியின் பண்புகளுக்குள் போய் ஆஃப்லைன் ஆதரவை நிறுத்தி மறுபடி இயக்க வேண்டும்; அதிலும் சரியாகாவிட்டால் புரொஃபைல் ஃபோல்டருக்குள் நகல்கோப்பைத் தேட வேண்டும். சாதாரணப் பயனர் அந்த அளவு இறங்கமாட்டார்.

டிஸ்மிஸ் செய்தது வேறொரு கருவியில் மறுபடி எழுவதற்கு, தண்டர்பேர்ட் போன்றவை சார்ந்திருக்கும் பொதுத் தரத்துக்கும் பங்கு உண்டு. நாட்காட்டித் தகவல்களைப் பரிமாறும் ஐகேலண்டர் தரம் 1998 நவம்பரில் ஆர்எஃப்சி 2445 என்ற ஆவணமாக வந்தது. 2009 செப்டம்பரில் ஆர்எஃப்சி 5545 அதன் இடத்தைப் பிடித்தது. எத்தனை நிமிடம் முன்னால் ஒலிக்க வேண்டும், ஒலியா எழுத்தா மின்னஞ்சலா என்பதையெல்லாம் அது வகுத்தது. ஒலித்ததைப் பயனர் பார்த்துவிட்டார் என்று குறிக்க அதில் இடமில்லை. ஆகவே ஒவ்வொரு மென்பொருளும் தன் சொந்தக் குறியீட்டை உருவாக்கிக்கொண்டது. தண்டர்பேர்ட் கடைசியாக டிஸ்மிஸ் செய்த நேரத்தை மொசில்லாவுக்கே உரிய ஒரு பண்பாக நிகழ்வோடு சேர்த்து எழுதுகிறது. அந்தப் பண்பை அறியாத மென்பொருளுக்கு அது பொருளற்ற வரி. பார்த்ததைக் குறிக்கும் பொதுவான பண்பு 2021 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 9074-இல்தான் வந்து சேர்ந்தது. இடையில் போன இருபத்துமூன்று ஆண்டுகளில் எழுதப்பட்ட மென்பொருள்கள், மணி அடிப்பதோடு கடமை முடிந்தது என்ற எண்ணத்தின்மேல் கட்டப்பட்டவை. கேட்டவர் உண்டா என்பதும் நினைவூட்டலின் பகுதி என்று தொடக்கத்திலேயே கருதியிருந்தால் இன்றைய தொல்லையில் பெரும்பகுதி இருந்திருக்காது.

நேரமண்டலக் கோளாறு தனி இனம். நினைவூட்டல் கோளாறு என்று தவறாகப் பெயர் பெறுவது. 2005-ன் எரிசக்திக் கொள்கைச் சட்டத்தின்படி அமெரிக்கா கோடைநேரத்தை நீட்டித்தபோது, 2007-ல் அது ஏப்ரலுக்குக் காத்திருக்காமல் மார்ச் 11-லேயே தொடங்கியது. பழைய விதிப்படி முன்பே பதிந்திருந்த சந்திப்புகள் அந்த இடைப்பட்ட வாரங்களில் ஒரு மணி நேரம் தள்ளி நின்றன. அவற்றைத் திருத்த மைக்ரோசாஃப்ட் தனிக் கருவியே வெளியிட்டது. இந்தியாவில் கோடைநேரம் இல்லாததால் நமக்கு இந்தக் கோளாறு வேறு உருவில் வருகிறது. லண்டனில் காலை ஒன்பது மணிக் கூட்டம் குளிர்காலத்தில் நமக்குப் பிற்பகல் 2.30, கோடையில் 1.30. அந்தத் தொடரை இந்திய நேரத்தில் பதிந்தால் ஆண்டில் பாதி மாதங்கள் தப்பாகவே ஒலிக்கும். எந்த ஆணையும் இதைத் தீர்க்காது. கூட்டம் எந்த ஊர்க் கடிகாரத்தைப் பின்பற்றுகிறதோ அந்த நேரமண்டலத்தில் அதைப் பதிவதே ஒரே வழி.

முடிந்துபோன நிகழ்வுகளின் நினைவூட்டலைத் தானாக அடக்கும் அமைப்பு ஒன்று அவுட்லுக்கில் இருக்கிறது. விடுமுறை முடிந்து வருபவரை வரவேற்கும் நீண்ட பட்டியலை அது ஒழிக்கிறது. கூட்டங்களுக்கு அது பொருந்தும். ஆனால் வரி கட்டும் கடைசி நாளையும் காப்பீடு புதுப்பிக்கும் நாளையும் நாட்காட்டியில் வைத்திருப்பவருக்கு, தவறவிட்டதற்கான தடயத்தையே அது அழித்துவிடும். தவறவிட்ட நினைவூட்டல்களைக் காட்டு என்ற தண்டர்பேர்டின் எதிர்த்திசை அமைப்பே அவருக்கு ஏற்றது. தொல்லையைக் குறைப்பதும் நம்பகத்தைக் கூட்டுவதும் இங்கே ஒன்றோடொன்று மோதுகின்றன; கடைசி நாட்களை நாட்காட்டியில் நம்பி வைப்பவர் நம்பகத்தின் பக்கமே நிற்க வேண்டும்.

2024 ஆகஸ்டில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த புதிய அவுட்லுக் இவற்றிலிருந்து விடுதலை தருமா? வலைத்தொழில்நுட்பத்தில் எழுதப்பட்ட அது, அஞ்சல்பெட்டியை மேகத்தில் வைத்தே பார்க்கிறது. கணினியிலுள்ள நகல்கோப்பு கெடுவதால் வரும் சிக்கல்கள் குறையும். பதிலுக்கு, விண்டோஸின் அறிவிப்பு அமைப்புகள் இடையில் வந்து நிற்கின்றன. ‘தொந்தரவு செய்யாதே’ இயங்கும்போது அறிவிப்பு ஓசையின்றி ஒதுங்கிவிடும். பழைய ஆணைவரி மருந்துகளும் இங்கே செல்லாது. பழுது குறைந்திருக்கலாம், பழுது வந்தால் பயனரின் கையில் இருந்த கருவி போய்விட்டது.

தீர்ப்புக்கு வருவோம். சரிசெய்ய முனைபவர் கடைப்பிடிக்க வேண்டிய வரிசை தெளிவானது: அந்தச் சந்திப்பில் நினைவூட்டல் வைத்திருக்கிறதா, அது எந்த நாட்காட்டியில் இருக்கிறது, நேரமண்டலம் எது, நினைவூட்டலைக் காட்டும் அமைப்பும் விண்டோஸ் அறிவிப்பும் இயங்குகின்றனவா என்று பார்த்தபின்பே ஆணைகளுக்குப் போக வேண்டும். கிளீன்ரிமைண்டர்ஸ் நல்ல மருந்து. ஆனால் முதல் மருந்தன்று. ஸ்னூஸ் செய்யும் வேலையை ஒரே கருவியில் வைத்துக்கொண்டால் கருவிகளின் மோதல் பெரிதும் தணியும்.

மென்பொருள்களில், பழுதுபார்க்கும் வசதியில் கிளாசிக் அவுட்லுக் முந்துகிறது; தன் எல்லையை ஒப்புக்கொள்வதில் தண்டர்பேர்ட் முந்துகிறது. மூன்றாவது அளவுகோலில் இரண்டுமே தேறவில்லை. தண்டர்பேர்டின் ஒப்புதல்கூட, நினைவூட்டல் ஒலித்தபின் காட்டும் குறிப்புதான். ஒலிக்காமல் போனதை அது சொல்வதில்லை. அடுத்த நினைவூட்டல் எதற்கு, எத்தனை மணிக்கு என்று ஒரு வரி எப்போதும் திரையில் நின்றால், தவறப்போவதைப் பயனர் தவறுவதற்கு முன்பே கண்டுகொள்வார். இதற்குப் புதிய தரமோ புதிய தொழில்நுட்பமோ வேண்டியதில்லை. அந்தத் தகவலை மென்பொருள் ஏற்கனவே வைத்திருக்கிறது. அதைக் காட்டாதவரை, மேசைக் கணினியின் நினைவூட்டலை உதவியாக ஏற்கலாம். தவறினால் இழப்பு உண்டாகும் எந்த நாளுக்கும் அதை மட்டுமே பொறுப்பாக்கக் கூடாது.