வளர்வது கையா, எண்ணா?

வீடியோ கேம் பற்றித் தமிழில் எழுதப்படுபவை பெரும்பாலும் இரண்டு வகைதான். பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்ற புலம்பல் ஒன்று. புதிதாக வந்ததை வாங்கலாமா வேண்டாமா என்ற விலை விசாரணை மற்றொன்று. ஒரு சினிமாவை எடுத்து வைத்துக்கொண்டு இதில் எது தேறும், எது தேறாது என்று பேசுகிற பழக்கம் கேமுக்கு இன்னும் வரவில்லை. 2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடை செய்தபோதும், 2022-ல் தமிழக சட்டமன்றம் ஆன்லைன் சூதாட்டத் தடை மசோதாவை நிறைவேற்றியபோதும் நடந்த விவாதங்களில், பணம் வைத்து ஆடும் ரம்மியும் காசு புழங்காத மிருக வேட்டை கேமும் ஒன்றாகவே வாங்கிக் கட்டிக்கொண்டன.

இங்கே நான் எடுத்துக்கொள்வது ஒரே ஒரு விளையாட்டை: ‘மான்ஸ்டர் ஹன்டர் ஃப்ரீடம் யுனைட்’. ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 2008-ல் சோனியின் பி.எஸ்.பி. கருவிக்காக வெளியிட்டது. பி.எஸ்.பி. என்பது 4.3 அங்குலத் திரை கொண்ட கையடக்க கேம் கருவி. புதிதாக இப்போது கிடைக்காது. பழசு கைமாறிக் கைமாறி ஓடிக்கொண்டிருக்கிறது. அப்படிக் கைமாறி வந்த ஒன்றை ஊரூர் ஒல்காட் குப்பத்தில் பையன்கள் ஆடுவதை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், அவர்களோடு ஆடியும் இருக்கிறேன். பெசன்ட் நகர் கடற்கரையின் வடக்குக் கோடியில், அடையாறு முகத்துவாரத்தை ஒட்டிய மீனவர் குப்பம் அது. எது கலை, அதை யார் எங்கே உட்கார்ந்து ரசிக்கலாம் என்ற கேள்வியை 2015-ல் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் நண்பர்களும் குப்பத்துக்காரர்களோடு சேர்ந்து விழா எடுத்துக் கேட்டது இந்த மணலில்தான். கேமையும் அந்தக் கேள்விக்குள் கொண்டுவந்தால் தப்பில்லை.

கடலுக்குப் போக முடியாத நாள்களில்தான் அந்தக் கருவி வெளியே வரும். வெட்டவெளியில் வைத்தால் வெளிச்சத்தில் திரை தெரியாது. அதனால் கரையேற்றிய ஃபைபர் படகின் நிழல். கருவி ஒன்று, பையன்கள் மூன்று பேர். இந்த விளையாட்டில் வேட்டைக்காரன் மூன்று முறை மயங்கி விழுந்தால் வேட்டை தோற்றது. ஒவ்வொரு முறை விழும்போதும் பூனைகள் அவனைத் தள்ளுவண்டியில் போட்டு இழுத்து வந்து கூடாரத்தில் கொட்டிவிட்டுப் போகும். “மூணு உசுருதாண்ணா. ஆளுக்கு ஒண்ணு,” என்றான் ஒருவன். விழுந்தவன் கருவியை அடுத்தவனிடம் நீட்டிவிட வேண்டும். கேப்காம் போடாத விதி இது. அங்கே நன்றாகவே வேலை செய்தது.

பேய், பூதம், வாள், மந்திரம் என்று கற்பனை உலகத்தில் நடக்கும் ஆக்‌ஷன் ஆர்.பி.ஜி. வகைக்குப் பொதுவான இலக்கணம் ஒன்று உண்டு. எதிரியை அடித்தால் அதன் தலைக்கு மேல் எண்கள் பறக்கும். உயிர் எவ்வளவு மிச்சம் என்று ஒரு சிவப்புக் கோடு காட்டும். கொன்றால் பாயின்ட், பாயின்ட் சேர்ந்தால் லெவல், லெவல் ஏறினால் அதே அடி இரண்டு மடங்காக விழும். இதில் வளர்வது எண். ஆடுகிறவன் கொஞ்சமும் வளராமல், நேரத்தை மட்டும் கொட்டி ஜெயித்துவிடலாம்.

ஃப்ரீடம் யுனைட்டில் வேட்டைக்காரனுக்கு லெவல் கிடையாது. மிருகத்துக்கு உயிர்க்கோடும் கிடையாது. அது கோபத்தில் இருக்கிறதா, சாகப் போகிறதா என்பதை உடம்பைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். “கால நொண்டுது பாருண்ணா. இனிமே சண்ட போடாது, கூட்டுக்கு ஓடும்,” என்று திரையைத் தொடாமலே சொன்ன பையனுக்கு அதிலிருந்த ஆங்கிலத்தில் பாதிகூடப் புரியாது. மருந்தை அதன் படத்தையும் நிறத்தையும் வைத்து எடுப்பான். ஆனால் மிருகம் தலையைத் தாழ்த்தினால் பாயப்போகிறது, வாலைச் சுழற்றினால் வலப்பக்கம் உருள வேண்டும் என்பதெல்லாம் அவன் விரலுக்குத் தெரியும்.

அவசரம் இங்கே உதவாது. வெட்ட வெட்ட வாள் மழுங்கும். மழுங்கினால் சாணைக்கல்லை எடுத்துத் தீட்ட வேண்டும். தீட்டுகிற அந்தச் சில நொடிகள் வேட்டைக்காரன் அசைய முடியாது. மருந்து குடித்தால் குடித்த தெம்பில் இரண்டு கையையும் மடக்கி முறுக்கிக் காட்டுவான். அந்த நேரம் பார்த்து மிருகம் இடித்துத் தள்ளும். முதல் தடவை எரிச்சலாக இருக்கும், விளையாட்டைச் செய்தவர்களைத் திட்டத் தோன்றும். போகப் போகத்தான் எப்போது குடிக்கலாம் என்பதும் சண்டையில் ஒரு பகுதி என்று பிடிபடும். நன்கு பழகியவன் ஆரம்பத்தில் கிடைத்த மொக்கைக் கத்தியை வைத்துக்கொண்டே பெரிய மிருகத்தைச் சாய்ப்பான். வளர்ந்தது அவன் கை. இந்த வகைக் கேம்களில் எனக்கு மதிப்பு வருவது இந்த இடத்தில்தான்.

கருவியாலும் ஒரு நன்மை உண்டு. பக்கவாட்டுச் சுவிட்சை ஒரு தள்ளு தள்ளினால் பி.எஸ்.பி. அப்படியே தூங்கிவிடும். தண்ணி லாரி வந்துவிட்டது, குடத்தை எடு என்று அம்மா கூப்பிட்டால், மிருகம் பாய்ந்த நிலையிலேயே அந்தரத்தில் நிற்கும். திரும்பி வந்து எழுப்பினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒரே அறை வீட்டில் டிவி எல்லோருக்கும் சொந்தம். அதைப் பிடித்துவைத்துக்கொண்டு யாரும் மணிக்கணக்கில் கேம் ஆட முடியாது. கையடக்கக் கருவி யாருடைய சீரியலுக்கும் குறுக்கே வருவதில்லை.

குறைகளில் சின்னவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தக் கருவியில் கட்டைவிரலுக்கான குமிழ் ஒன்றுதான். ஓடுவது அதில், பார்வையைத் திருப்புவது அதற்கு மேலே இருக்கும் திசைப் பொத்தானில். இரண்டையும் ஒரே சமயத்தில் செய்ய, இடது ஆட்காட்டி விரலை நண்டுக் கொடுக்காக மடக்கிப் பிடிக்க வேண்டும். ஜப்பானில் இந்தப் பிடிக்கே தனிப்பெயர் உண்டு. அரை மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும். கடற்கரை மணலும் உப்புக்காற்றும் குமிழுக்குள் புகுந்தால், யாரும் தொடாமலே வேட்டைக்காரன் ஒரு பக்கமாக நடக்க ஆரம்பிப்பான். இன்னொன்று, நான் பார்த்த கருவியில் இருந்த விளையாட்டு எதுவும் காசு கொடுத்து வாங்கியதில்லை. அது சரி என்று சொல்ல மாட்டேன். ஆனால் தமிழில் ஒரு வரிகூட இல்லாமல், அந்த வீடுகளுக்கு எட்டாத விலையில் விற்றவர்கள் இந்தப் பையன்களை வாடிக்கையாளர்களாக நினைத்ததாகவும் தெரியவில்லை.

பெரிய குறை, விளையாட்டின் அடிமடியிலேயே இருக்கிறது. லெவல் இல்லை என்றேனே, அந்த வாசலை அடைத்துவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்திருக்கிறார்கள். கொன்ற மிருகத்தின் தோல், நகம், செதில் கொண்டுதான் அடுத்த கவசம் செய்ய வேண்டும். சாதாரணச் செதில் தாராளமாகக் கிடைக்கும். கவசத்துக்குத் தேவைப்படும் அரிதான ஒரு துண்டு மட்டும் நூறில் இரண்டோ மூன்றோ தடவைதான் வரும். ஆகவே அதே மிருகத்தை, அதே காட்டில், ஏற்கெனவே தெரிந்த அதே அசைவுகளோடு திரும்பத் திரும்பக் கொல்ல வேண்டும். ஐந்தாவது வேட்டைவரை கை கற்றுக்கொள்கிறது. பதினைந்தாவது வேட்டையில் கற்க எதுவும் மிச்சமில்லை. குலுக்கலுக்குக் காத்திருப்பது மட்டுமே பாக்கி. கருவியைச் சுலபமாக அணைத்துவிடலாம், ‘இன்னும் ஒரே ஒரு வேட்டை’ என்ற நினைப்பை அணைக்கச் சுவிட்ச் இல்லை.

இதைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று. எத்தனை முறை கொன்றாலும் அந்த மிருகம் அடுத்த வேட்டையில் அதே வலிமையோடு வந்து நிற்கிறது. கதையில் ஒரு வேட்டைக்காரர் சங்கம் வருகிறது; இயற்கையின் சமநிலையைக் காப்பதுதான் தன் வேலை என்கிறது. கணக்கில் அந்தச் சமநிலை எங்கும் இல்லை. இருபது கொன்ற காடும் ஒன்றுமே கொல்லாத காடும் ஒன்றுபோலவே இருக்கின்றன. நெருப்பு கக்கும் நாகத்தை நம்புவதில் எனக்குச் சிரமமே இல்லை. எடுக்க எடுக்கக் குறையாத காட்டைத்தான் நம்ப முடியவில்லை. அதுவும் படகு நிழலில் உட்கார்ந்து ஆடும்போது. கொண்டலா, வாடையா, கச்சானா என்று காற்றைப் பார்த்துவிட்டுப் போயும் வெறும் வலையோடு திரும்புகிறவர்கள் பத்தடி தள்ளி வலையைக் கோத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இத்தனை குறையோடும், இதே வகை இன்று கைபேசிக்கு வந்திருக்கும் கோலத்தைப் பார்த்தால் பழையதன் மீது மரியாதை கூடுகிறது. 2020-ல் வந்த ‘கென்ஷின் இம்பாக்ட்’ அழகான விளையாட்டு. மலையும் மேகமும் கண்ணை நிறைக்கும். ஆனால் அங்கே வேட்டைப் பரிசைப் பெறவே ஒரு சக்தி செலவாகிறது. அது எட்டு நிமிடத்துக்கு ஒன்று என்ற கணக்கில் ஊறுகிறது. எப்போது வர வேண்டும், எப்போது போகலாம் என்பதை விளையாட்டு தீர்மானிக்கிறது. நல்ல வீரன் வேண்டுமென்றால் குலுக்கல். தொண்ணூறு குலுக்கலுக்குள் ஒரு ஐந்து நட்சத்திரப் பரிசு உறுதி, அதற்குக் காசும் கட்டலாம். 2003-ல் லாட்டரிச் சீட்டை ஒழித்த மாநிலம் இது. ஃப்ரீடம் யுனைட்டின் குலுக்கல் நேரத்தைத்தான் தின்றது, பர்ஸுக்குள் கை விடவில்லை. இரண்டையும் ‘கேம் அடிமைத்தனம்’ என்ற ஒரே சொல்லில் அடக்குகிற பெற்றோருக்கு எதைத் தடுக்க வேண்டும் என்று தெரியாமல் போவது இதனால்தான்.

நம் பக்கத்திலிருந்தும் முயற்சிகள் வந்திருக்கின்றன. புனேயின் நோடிங் ஹெட்ஸ் குழு செய்த ‘ராஜி’ 2020-ல் வந்தது. துர்க்கையும் திருமாலும் பேச, திரிசூலம் ஏந்திய ஒரு சிறுமி தம்பியைத் தேடிப் போகும் கதை. முதலில் வெளிவந்தது நின்டெண்டோ ஸ்விட்ச் கருவியில். நின்டெண்டோவோ அப்போது அந்தக் கருவியை இந்தியாவில் முறையாக விற்கவே இல்லை. டொரோன்டோவிலிருந்து 2023-ல் வந்த ‘வெண்பா’, கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பத்தின் கதையை இட்லியும் புட்டும் செய்யவைத்தே சொல்லி, அடுத்த ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா விருது வாங்கியது. அதில் சண்டை கிடையாது, லெவலும் கிடையாது.

நம் ஊர்க் குழு ஒன்று வேட்டை விளையாட்டு செய்ய உட்கார்ந்தால், முதலில் அந்தக் குறையாத காட்டைத் தூக்கி எறிய வேண்டும். ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் எடுத்தால் அடுத்த முறை வெறுங்கை. காற்று மாறினால் போகும் இடமும் மாற வேண்டும். சில நாள் போகாமல் இருப்பதே சரியான ஆட்டம். இதெல்லாம் விற்குமா என்பார்கள். 2004-ல் டிவியோடு இணைத்து ஆடும் கருவிக்கு வந்த முதல் மான்ஸ்டர் ஹன்டரும் பெரும் வெற்றி ஒன்றும் இல்லை. கையடக்கக் கருவிக்கு வந்து, நாலு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆடத் தொடங்கிய பிறகுதான் அது ஓட ஆரம்பித்தது. 2010 டிசம்பரில் வந்த பி.எஸ்.பி. பாகம் ஜப்பானில் மட்டும் 40 லட்சத்துக்கு மேல் விற்றது.