ஆசிரியரும் வாக்கும்

தேர்தல் நாளில் அச்சுவேலிப் பாடசாலைகளின் வகுப்பறைகள் வாக்களிப்பு நிலையங்களாகின்றன. கரும்பலகையின் கீழே வாக்குப்பெட்டி அமர்கிறது. மாணவர் இடாப்பைக் கூப்பிட்டுப் பழகிய ஆசிரியர் அன்று வாக்காளர் இடாப்பைப் புரட்டுகிறார். 2025 மே 6இல் வலிகாமம் கிழக்குப் பிரதேச சபைக்குத் தேர்தல் நடந்தபோதும் இதுவே காட்சி. ஊரார் எல்லோரும் அச்சமின்றி வாக்களிக்க வழிசெய்யும் இம்மனிதர், தமது வாக்கை அச்சமின்றி அளிக்கிறாரா?

அச்சத்தின் பெயர் இடமாற்றம். அதை எவரும் வாய்விட்டுச் சொல்லவேண்டியதில்லை. செல்வாக்குள்ள ஒருவர் வீட்டுக்கு வந்து, பிள்ளைகளின் படிப்பை அன்போடு விசாரித்துவிட்டுப் போனாலே போதும். ஆசிரியருக்குத் தூரத்துத் தீவும் வன்னியும் கண்முன் தோன்றிவிடும்.

இது புதிய நோயன்று. உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளில் முகாமையாளரின் சித்தமே ஆசிரியரின் பிழைப்பாக இருந்த காலம் ஒன்றுண்டு. 1960ஆம், 1961ஆம் ஆண்டுச் சட்டங்கள் அப்பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசாங்கத்தின் பொறுப்பாக்கின. முற்போக்காளர் அதனை வரவேற்றது சரியே. ஆனால் முகாமையாளர் எழுந்துபோன நாற்காலி வெறுமையாக இருக்கவில்லை. பின்வந்த ஆண்டுகளில் அரசியல்வாதியின் சிபாரிசுக் கடிதம் அதில் ஏறி அமர்ந்தது.

உள்ளூராட்சித் தேர்தலில் இந்நெருக்கடி ஏன் கூடுதலாக உறைக்கிறது? 2018ஆம் ஆண்டுத் தேர்தலிலிருந்து உறுப்பினரில் 60 வீதத்தினர் வட்டாரங்களிலிருந்து தெரிவாகின்றனர். வட்டாரம் சிறியது, சில நூறு வாக்குகள் வெற்றியைத் தீர்மானிக்கும். பெற்றோர் மதிக்கும் ஆசிரியரின் ஒரு சொல் அங்கே பல வீடுகளின் வாக்கு. தேர்தற் கடமைக்குச் செல்லும் ஆசிரியரோ, தபால்மூல வாக்கை அத்தாட்சிப்படுத்தும் அலுவலரின் முன்னிலையில் முன்கூட்டியே அடையாளமிடுகிறார். சட்டம் வாக்கின் இரகசியத்தைக் காக்கிறது. மேலதிகாரி நடமாடும் கட்டடத்தில் வாக்கிடுபவரின் நெஞ்சத் துடிப்பை எது காக்கும்?

“ஆசிரியருக்கு அரசியல் எதற்கு?” என்று கேட்டு ஒதுங்குவோர் உளர். யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் முன்னணியில் நின்ற ஹண்டி பேரின்பநாயகம் ஓர் ஆசிரியரே. 1931இல் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்கும்படி அவ்வியக்கம் கேட்டது. அம்முடிவு சரியா பிழையா என்று இன்றும் வாதிடலாம். ஆனால் அது கொள்கையிலிருந்து எழுந்த குரல். எவரது கடிதத்துக்கும் அஞ்சி எழுந்ததன்று. துணிந்து களமிறங்குவோருக்கும் நாடு நன்றி காட்டவில்லை. 2023இல் வேட்புமனு அளித்த அரச ஊழியர்கள், தேர்தல் ஒத்திவைக்கப்பட்டதால், பதவியும் இன்றிப் பழைய பணியிடமும் இன்றி மாதக்கணக்கில் அலைக்கழிந்தனர்.

ஆகவே, ஆசிரியரின் வாயைக் கட்டுவது மருந்தாகாது. அவரை அச்சுறுத்தும் கையைக் கட்டுவதே மருந்து. இடமாற்றம் எழுதிய விதிப்படி நடக்கட்டும். காரணம் பகிரங்கமாகட்டும். தேர்தலை ஒட்டி வரும் ஒவ்வொரு மாற்றத்தையும் ஆசிரியர் சங்கங்கள் கேள்வி கேட்கட்டும்.

குடியியற் பாடத்தில் “வாக்கு உனது உரிமை” என்று கற்பிக்கிறோம். கற்பிப்பவரின் குரல் நடுங்கினால், முன்வரிசைப் பிள்ளை பாடத்தை மறந்துவிடும், நடுக்கத்தை மறவாது.